லிஃப்டில் கேட்ட பாதி

எங்கள் அலுவலகத்து லிஃப்ட்காரருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. நான் மூன்றாம் மாடியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த நாளிலேயே அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது. சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

பழைய காலத்து லிஃப்ட். மடக்குக் கதவை இழுத்துச் சாத்தினால்தான் கிளம்பும். உள்ளே ஒரு முக்காலி, சுற்றுவதுபோல் பாவனை செய்கிற சின்ன மின்விசிறி. காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அந்த முக்காலியில் உட்கார்ந்து, மனிதர் பாதி ஆயுளை மேலும் கீழுமாகவே கழித்துவிட்டார். "இந்த ஆபீஸ்ல தினமும் மேல போறவன் நான் ஒருத்தன்தான். என்ன, சாயங்காலம் கீழ கொண்டுவந்து விட்டுடறாங்க" என்று சொல்லி அவரே முதலில் சிரிப்பார்.

ஐந்தாம் மாடி ஓய்வூதியப் பிரிவு. ஓய்வு பெற்றவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நேரில் வந்து, தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். முட்டி வலியும் மூச்சிரைப்புமாக வருகிறவர்களை ரேடியோ கைப்பிடித்து ஏற்றுவார்.

"என்ன சார், இந்த வருஷமும் இருக்கீங்களா?"

"இருக்கேன்யா. சர்க்காருக்குத்தான் வருத்தம்."

இந்தக் கிண்டலுக்காகவே சிலர் பக்கத்து லிஃப்டை விட்டுவிட்டு இவருக்காகக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

லிஃப்டுக்குள் பேசுகிறவர்கள் ரேடியோவை ஒரு ஆளாகவே நினைப்பதில்லை. அதிகாரிகள் அவர் காதுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மாற்றல், பதவி உயர்வு, பெண்டாட்டி சண்டை என்று எல்லாவற்றையும் பேசுவார்கள். கீழே ஆரம்பித்த பேச்சு, மாடி வந்து கதவு திறந்ததும் அவர்களோடு இறங்கிப் போய்விடும். இவருக்குக் கிடைப்பது எப்போதும் பாதிதான். மீதியை மூளையில் இட்டு நிரப்பி, அடுத்து ஏறுகிறவரிடம் முழுச் செய்தியாகச் சொல்லிவிடுவார். சும்மா சொல்லக் கூடாது, பெரும்பாலும் சரியாகவே இருக்கும். என் பதவி உயர்வு எனக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும். அதனால் நாங்கள் எல்லோருமே அவரை நம்பினோம். படித்தவர்கள், படிக்காதவர்கள் வித்தியாசமே கிடையாது.

எல்லோரையும்விட அதிகம் நம்பியது அவர் தங்கை.

அவளும் அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தாள். புருஷன் திடுதிப்பென்று போய்ச் சேர்ந்தபோது, கைக்குழந்தையோடு நின்றவளை ரேடியோதான் யார் யார் காலையோ பிடித்துத் தினக்கூலியாகச் சேர்த்துவிட்டார். அவர் "தங்கச்சி, தங்கச்சி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் இயக்குநர்கூட அவளைத் தங்கச்சி என்றே கூப்பிட ஆரம்பித்தார். கையில் வாளியும் இடுப்பில் செருகின முந்தானையுமாக வருவாள். அதிர்ந்து பேசமாட்டாள். நான் காகிதத்தைக் கசக்கிக் கீழே போட்டால் மட்டும், "டைப்பிஸ்ட்டக்கா, கூடை உங்க காலடியிலதான் இருக்கு" என்பாள்.

தினக்கூலியாகவே அவளுக்கு வயது ஏறிவிட்டது. ரொம்பத் தாமதமாகத்தான் நிரந்தரமாக்கினார்கள். நிரந்தரமாகிப் பத்து வருஷம் முடிந்தால்தான் ஓய்வூதியம் உண்டு. பாக்கி இருந்தது ஒரு வருஷம்கூட இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். "கை கால் ஓஞ்சப்புறம் மாப்பிள்ளை வீட்டு வாசல்ல போய் நிக்கக் கூடாதுக்கா. என் சோத்தை நானே தின்னுட்டுப் போயிடணும்." எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அப்போது பார்த்து அந்தப் பேச்சு கிளம்பியது. அரசாங்கத்தின் வருமானத்தில் பெரும்பங்கு ஓய்வூதியத்துக்கே போகிறது, இனி தாங்காது, குழு போட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. டி.வி.யைப் போட்டால் நாலு பேர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிறுத்த வேண்டும் என்றார், ஒருவர் குறைக்க வேண்டும் என்றார். யார் பணத்தை யார் குறைப்பது? ஓய்வு பெற்றவர்கள் அடுத்த மாதம் வருமா வராதா என்று கேட்பதற்காகவே ஐந்தாம் மாடிக்கு ஏறினார்கள். வேலையில் இருப்பவர்கள், இருப்பதா ஓடுவதா என்று கூடிக் கூடிப் பேசினார்கள். நானும் ராத்திரி தூங்காமல் கணவரை எழுப்பி எழுப்பிப் புலம்பினேன். "பேசாமப் படு. வெட்டினா எல்லாருக்கும் சேர்த்துத்தான் வெட்டுவான்" என்று அவர் சொன்னதில்தான் சும்மா இருந்தேன். மேலிடத்திலிருந்து மட்டும் மூச்சு இல்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை வந்தது. நீண்ட விடுப்பில் போய்விட்டேன். நடந்ததெல்லாம் பிறகு ரேடியோ வாயாலேயே கேட்டது.

துணை இயக்குநரும் இன்னொரு அதிகாரியும் கீழ்த்தளத்தில் லிஃப்டில் ஏறியிருக்கிறார்கள். "இந்த மாசக் கடைசிக்கு மேல சர்வீஸ்ல இருக்கிறவங்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. ஆர்டரே ரெடி" என்றாராம் துணை இயக்குநர். "அப்ப அதுக்குள்ள வெளிய வந்தவன் பொழச்சான்" என்றாராம் மற்றவர். ஐந்தாம் மாடி வந்தது. கதவு திறந்தது. பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

ரேடியோவுக்கு முதல் நினைப்பே தங்கச்சிதான். அவளுக்கு வருஷம் முடியவில்லையே! அப்போது போன வாரம் ஏறின ஒரு பெரியவர் ஞாபகம் வந்திருக்கிறது. கோர்ட்டுக்குப் போனதில் தினக்கூலி வருஷங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஓய்வூதியம் கொடுத்துவிட்டார்கள் என்று யாரிடமோ அவர் சொல்லிக்கொண்டு வந்தார். யாருக்குக் கொடுத்தார்கள், எந்த வழக்கில் என்பதெல்லாம் கதவு திறந்ததும் அவரோடு போய்விட்டது. ரேடியோ இரண்டு பாதியையும் ஒட்டுப் போட்டார். ஒரு முழுச் செய்தி கிடைத்துவிட்டது.

குழாயடியில் துடைப்பத்தை அலசிக்கொண்டிருந்த தங்கச்சியிடம் போய், "இந்த மாசத்துக்குள்ள எழுதிக் குடுத்துடு. தினக்கூலி வருஷத்தையும் சேர்த்துக்குவாங்க. இருந்தா ஒண்ணும் கிடைக்காது, வெறுங்கையோடதான் போகணும்" என்றிருக்கிறார்.

"நெசமாவா அண்ணே?"

"நான் உனக்கு என்னைக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

சொன்னதே இல்லைதான். அதுதான் வினையாகிப் போனது.

அண்ணனும் தங்கையும் சேர்ந்தே நிர்வாகப் பிரிவுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே கூட்டம். ரேடியோவுக்கு நீண்ட சர்வீஸ். அவர் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார். "உனக்கு விருப்ப ஓய்வு கிடையாதும்மா. வருஷம் பத்தாது. ராஜினாமான்னுதான் எழுதணும்" என்றிருக்கிறார் குமாஸ்தா.

"எதா இருந்தா என்ன சார்? இந்த மாசத்துக்குள்ள முடிஞ்சாப் போதும்."

அந்த மகராசன், "ராஜினாமா பண்ணினா பண்ணின சர்வீஸ் எல்லாம் போச்சும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வாயில் என்ன கொழுக்கட்டையா? கூட்டம் நெருக்கியது, வாங்கி வைத்துக்கொண்டேன் என்று பின்னால் என்னிடமே சொன்னார். நான் கேட்ட கேள்வியில் மனிதர் ஒரு வாரம் என் பக்கமே வரவில்லை. என்ன கேட்டு என்ன?

நான் விடுப்பு முடிந்து வந்தபோது மாதம் தாண்டியிருந்தது. எந்த உத்தரவும் வரவில்லை. லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சுற்றறிக்கை மட்டும் புதிதாக ஒட்டியிருந்தது. ஓய்வூதியம் பற்றி எந்த முடிவும் எடுக்கப்படவில்லை, வதந்திகளை நம்ப வேண்டாம் என்று. அடப்பாவிகளா, இதை ஒரு மாதம் முன்னால் ஒட்டினால் பசை தீர்ந்துபோயிருக்குமா?

முக்காலியில் ரேடியோ சுருண்டு உட்கார்ந்திருந்தார். விருப்ப ஓய்வுக்கு மூன்று மாத முன்னறிவிப்பு என்பதால் அவர் இன்னும் வேலையில்தான் இருந்தார். தங்கச்சியின் ராஜினாமாவை மட்டும் உடனே ஏற்றுக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். "டைப்பிஸ்ட்டம்மா, நான் அவளைக் கொன்னுட்டேம்மா" என்று, ஆட்கள் நிற்பதையும் பார்க்காமல் அழுதார்.

அழுதால் ஆச்சா? தங்கச்சியையும் வரவழைத்து, இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நானே துணை இயக்குநரின் அறைக்குப் போனேன். அவருக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யோவ், நாங்க பேசினது போக்குவரத்துக் கழகத்தைப் பத்திய்யா. அவங்க பென்ஷன் டிரஸ்ட்டே தனி. இந்த ஆபீஸுக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்? லிஃப்ட்ல பேசறதைக் கேட்டு யாராவது வேலையை விடுவாங்களா?"

"வேற எதைக் கேட்கச் சொல்றீங்க சார்?" என்றேன். "நீங்க யாரும் வாயைத் திறந்து எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையே."

அவர் என்னை முறைத்தார். கெட்ட மனிதர் இல்லை. விதிகளைப் புரட்டினார், யாருக்கோ போன் போட்டார், வெகுநேரம் பேசினார். பிறகு வைத்துவிட்டுச் சொன்னார்:

"உன்னோடது நோட்டீஸ் காலத்துல இருக்குய்யா. வாபஸ் வாங்கிக்கலாம். அந்தம்மாவோடது ராஜினாமா. ஏத்துக்கிட்டாச்சு. அந்தப் போஸ்ட்டையும் எடுத்துட்டாங்க. துப்புரவு எல்லாம் இனிமே கான்ட்ராக்ட். நான் என்ன பண்ண?"

"என்னோடதை எடுத்துக்குங்க சார்" என்றார் ரேடியோ. "எனக்கு வேணாம். அவளுக்குக் குடுத்துடுங்க."

"இது என்ன பஸ் சீட்டாய்யா, எழுந்து எடம் குடுக்கறதுக்கு?"

தங்கச்சி அழவில்லை. மேசைமேல் சிந்தியிருந்த தேநீர்த் துளியைப் பார்த்துக்கொண்டே நின்றவள், பழக்க தோஷத்தில் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். எனக்குத்தான் அடக்க முடியவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ரேடியோ வாபஸ் வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அவள் தெருவில் நிற்கும்போது தனக்கு மட்டும் என்ன வேலை, என்ன ஓய்வூதியம் என்றார். அவர் மனைவி அலுவலகத்துக்கே வந்து, "ரெண்டு பசங்க படிக்குதுங்க. எல்லாரும் சேர்ந்து நடுத்தெருவுக்கு வரணுமா?" என்று வாசலில் நின்று கேட்டாள். அவள் கேட்டதும் நியாயம்தானே. நோட்டீஸ் முடிகிற கடைசி நாளில் வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மாதாமாதம் தங்கச்சிக்கு ஒரு பங்கு தருவதாகச் சத்தியம் செய்தார். "உன் பசங்களுக்குப் பண்ணுண்ணே, என்னைப் பார்த்துக்க எனக்குத் தெரியும்" என்று அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

பார்த்துக்கொண்ட லட்சணம்தான் தெரிகிறதே. அடுத்த மாதம் கான்ட்ராக்ட்காரனின் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, அதே வாளியோடு, அதே கட்டடத்துக்குத் திரும்பி வந்தாள். வந்த நாளைக்குக் கூலி, வராத நாளைக்கு ஒன்றுமில்லை. ஓய்வு என்ற சொல்லே அந்த வேலையில் கிடையாது. ரேடியோ வாயை மூடிவிட்டார். யார் ஏறினாலும் மாடி எண்ணைக் கேட்பதோடு சரி. உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட வருகிற பெரியவர்கள், இவருக்கு உடம்பு சரியில்லையோ என்று என்னிடம் விசாரிக்கிறார்கள்.

தங்கச்சி லிஃப்டில் ஏறுவதில்லை. நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடியும் படியேறுகிறாள். போன வாரம் நாலாம் மாடித் திருப்பத்தில், வாளியை இறக்கி வைத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டி இப்படி உயிரை விடற? அந்த மனுஷன் குற்ற உணர்ச்சியில பாதியாப் போயிட்டாரு. இன்னும் என்னடி கோபம்? லிஃப்ட்ல போனா என்ன?"

அவள் மூச்சு வாங்கி முடித்தாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

"கோபமெல்லாம் இல்லக்கா. தனியா ஏறினா அண்ணன் ஏதாவது சொல்லுவாரு. எல்லாம் சரியாயிடும், மறுபடியும் வேலை போட்டுக் குடுத்துடுவாங்கன்னு சொல்லுவாரு." ஒரு படி ஏறிவிட்டுத் திரும்பினாள். "அவரு சொன்னா நான் நம்பிடுவேன்க்கா."