வீராசாமியைக் காணவில்லை

போன செவ்வாய்க்கிழமை காலை. முகத்தில் பாதி சவரம் முடிந்திருந்தது. கதவைத் தட்டினார் பெருமாள். இங்கே பதுளை ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட். நம் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவர்.

"ஐயா, வீராசாமியக் காணோம்னு அவரு சம்சாரம் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுவுது. கொஞ்சம் வாங்க."

"எந்த வீராசாமி?"

"என்னங்க ஐயா இப்படிக் கேக்குறீங்க? உங்க வீராசாமிதான்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இதே பத்திரிகையில் நாலு பக்கம் தள்ளி நான் ஒரு தொடர்கதை எழுதுவது உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு வண்டிக்காரன். பெயர் வீராசாமி. முறுக்கிவிட்ட மீசை, வெடிச் சிரிப்பு. நடுரோட்டில் மறித்த சிறுத்தையோடு நியாயம் பேசித் திருப்பி அனுப்பியதாக ஊரெல்லாம் அளப்பான். வீட்டுக்குள் நுழைந்தால் மனைவி முன்னால் மூச்சு விடமாட்டான். காகிதத்தில் பிறந்தவன். அவனுக்கு ஏது ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழ ஒரு மனைவி?

'வீராசாமி யார்?' என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் முழுக்கக் கற்பனை என்றுதான் சொல்லிவந்தேன். அது... முக்கால்வாசி உண்மை.

பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வண்டிக்காரர் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பண்டாரவளை ரயிலடிக்குப் போவார். (ரயில் பதுளைக்கு வருகிறது, வருகிறது என்கிறார்கள். இன்றுவரை நமக்கு மாட்டுவண்டிதான்.) போகும் வழியில் கடைத்தெருவில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவார். நான் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பேன். அந்தச் சிறுத்தைக் கதை அவர் சொன்னதுதான். தலையோடு கம்பளியைப் போர்த்தியபடி, தூறலில் நின்று சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை பார்த்திருப்பேன். வீராசாமி அப்படித்தான் பிறந்தான்.

கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். பாதிச் சவரத்தோடுதான்.

வாசலில் நின்றாள் அந்தப் பெண். முப்பது வயது இருக்கும். கம்பளி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்திலிருந்து இரவோடு இரவாக நடந்து வந்திருக்கிறாள்.

"ஹாலிஎல வளைவுல நேத்து வண்டி பொரண்டுருச்சாங்க ஐயா. ரோட்டுல போனவங்க தூக்கியாந்து இங்க சேத்தாங்களாம். உள்ள இருக்காரான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

பெருமாள் என்னை ஒதுக்குப்புறமாக இழுத்தார். குரல் தாழ்ந்தது.

"நேத்து பேர் தெரியாம ரெண்டு பேரச் சேத்தோம் ஐயா. ரெண்டு பேருக்கும் நெனவு இல்ல. ஒருத்தரு வார்டுல இருக்காரு. இன்னொருத்தரு விடியக்காலம் போயிட்டாரு. பின்னால வச்சிருக்கோம். வார்டுல போயி 'வீராசாமி, வீராசாமி'ன்னு கூப்பிட்டுப் பாத்தேன். யாரும் பேசல."

"அது அவர் பேரே இல்லையே!"

"இந்தப் பொண்ணு அந்தப் பேரத்தான் சொல்லுது."

அவளிடம் போனேன். "நிஜப் பேரு என்னம்மா?"

தலையைக் குனிந்துகொண்டாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நம் தோட்டங்களில் எந்தப் பெண் புருஷன் பெயரை வாயால் சொல்லியிருக்கிறாள்?

"நீங்க சொல்லுங்க ஐயா," என்றார் பெருமாள். "நீங்கதானே அவர வாராவாரம் எழுதுறீங்க."

வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. கருப்பையாவா? கந்தசாமியா? ஒருமுறை கேட்டிருக்கிறேன், அது நிச்சயம். ஆனால் இத்தனை மாதமாக அந்த மனிதர் என் தலைக்குள் வீராசாமியாகவே வண்டி ஓட்டியதில் சொந்தப் பெயர் எங்கேயோ விழுந்துவிட்டது.

டாக்டர் வார்டைச் சுற்றி வரும் நேரம். முடியும்வரை பெண்களை உள்ளே விடமாட்டார்கள். "நீங்கன்னா கோட்டுப் போட்டிருக்கீங்க, விட்டுருவாங்க. மொகத்தப் பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்றார் பெருமாள். முகம் பார்ப்பது பெரிய வேலையா? பெயர் போனால் போகட்டும், முகத்தை வரி வரியாக வர்ணித்தவன் அல்லவா நான்.

பெயர் தெரியாத ஆள் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். தலையில் கட்டு. காலில் பலகை வைத்துக் கட்டியிருந்தது. கண்கள் மூடியிருந்தன. மழமழவென்ற முகம். கட்டிலைச் சுற்றி வந்து மறுபக்கமிருந்தும் பார்த்தேன். இல்லை. இது வீராசாமி இல்லை.

அப்படியென்றால்... பின்னால் இருப்பவர்?

இவ்வளவு எழுதுகிறேனே, இதை ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வெளியே வந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"இல்லையாங்க ஐயா?"

"ஒருத்தரு இருக்காரும்மா. ஆனா அது உன் வீட்டுக்காரர் இல்ல. அவருக்கு மீசை இல்ல."



"எங்க ஆளுக்கு ஏதுங்க மீசை? மீசை நீங்க வச்சதுதானே."

அப்போதுதான் உறைத்தது. மீசை எங்கள் பழைய போஸ்ட்மாஸ்டருடையது! சிரிப்பு என் சித்தப்பாவுடையது. மனைவிக்கு நடுங்குவது — அதற்கு நான் வெளியே எங்கும் போகவில்லை. வண்டிக்காரரிடமிருந்து எடுத்தது ஒரு சிறுத்தையும் இரண்டு மாடுகளும்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு உயிருள்ள மனிதரை அடையாளம் காட்டப் புறப்பட்டிருக்கிறேன்.

அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. பெருமாள் தடுக்கக் கையை நீட்டுவதற்குள் வார்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். வீராசாமி என்று அல்ல. சொந்தப் பெயரை, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன்.

ஜன்னலோரக் கட்டிலில் கண் திறந்தது.

"இங்கதான் இருக்கேன். எதுக்கு இப்புடிப் பேரச் சொல்லிக் கத்துற? நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல். பெருமாளுக்குத்தான் ஆற்றாமை. "காலையில நான் கூப்பிட்டப்ப காதுல விழலையா?"

"லேசா விழுந்துச்சுங்க. வீராசாமின்னுல்ல கூப்பிட்டீங்க? அது நான் இல்லைங்களே. அவன் பொண்டாட்டிக்குப் பயந்தவன்."

பின்னால் துணி மூடிக் கிடந்தவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் பெயர் தெரிந்த யாரோ ஒருத்தி எந்தத் தோட்டத்திலோ இன்னும் காத்திருப்பாள்.

மறுநாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவரிடம் நேராகவே சொன்னேன்: "எல்லாக் குழப்பமும் என்னாலதான். இந்த வாரமே வீராசாமியோட வண்டியப் பள்ளத்துல தள்ளி ஆள முடிச்சுடுறேன்."

"புண்ணியமாப் போவும் ஐயா," என்றார்.

தீர்ந்தது என்று கிளம்பினேன். வாசல்வரை அவள் பின்னாலேயே வந்தாள்.

"ஐயா, அவனச் சாவடிச்சிராதீங்க."

"ஏம்மா, உன் வீட்டுக்காரரே சரின்னுட்டாரே. அவருக்குக் கேவலமா இருக்காதா?"

"எங்களுக்குப் புள்ள இல்லைங்க. புள்ள இருந்தா 'இன்னாரு அப்பா'ன்னு கூப்பிடுவேன். கல்யாணம் கட்டுன நாள்லேருந்து 'இந்தாங்க', 'எங்க ஆளு'ன்னே ஓட்டிட்டேன். ஒங்க கதைய எங்க லயத்து வீடுகள்ல படிக்க ஆரம்பிச்ச பொறவுதான்... வீராசாமி வந்துட்டாரா, வீராசாமி சாப்பிட்டாரான்னு வாயாரக் கேக்குறேன். அவரக் கூப்பிட எனக்கும் ஒரு பேரு வேணும்லங்க."

வீடு வந்து பேனாவை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். ஒருவரைப் பார்த்துக் கதை எழுதினால் அந்த ஆள் யாருக்குச் சொந்தம்? எழுதியவனுக்கா? எழுதப்பட்டவருக்கா? இதுவரை எனக்குத் தெளியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

இந்த வாரத் தொடர்கதையில் வீராசாமியின் வண்டி கவிழ்கிறது. பயப்படாதீர்கள் — பிழைத்துக்கொள்வான்.