நைனா பேசிய சொற்கள்

எழுபதுகளின் தொடக்கம். திருப்பாச்சூரில் வீடு, தினமும் திருவள்ளூரில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் நடவு சமயத்தில் நைனா வரப்பில் விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. சில நாள் கழித்துப் பேச்சு வந்தது. ஆனால் ஒரு சொல்கூட எங்களுக்குத் தெரிந்ததாக இல்லை.

“தம்பளு கொந்தரு... பாக்கலு?” என்றார்.

“இன்னா கேக்குறீங்கோ, தண்ணியா?” என்றாள் அம்மா.

சொம்பை இடது கையால் தள்ளிவிட்டார். மந்தபுத்திக்காரர்களுக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி அதையே மறுபடி சொன்னார். அம்மா போர்வை கொண்டுவந்தாள், ஜன்னலைத் திறந்தாள். எதுவும் இல்லை. கடைசியில் நைனா அழுதார்.

அப்போதுதான் வகுப்பில் ஒலியியல் நடந்துகொண்டிருந்தது. எழுத்து ஒன்றுதான், ஆனால் ‘பல்’லில் வருகிற ப வேறு, ‘கம்பு’வில் ம்-க்குப் பின்னால் ஆங்கில b போலக் குழைந்து வருகிற ப வேறு. யாரும் சொல்லித் தராமலே நம் வாய் அதை மாற்றிக்கொள்கிறது என்றார் பேராசிரியர்.

ஞாயிற்றுக்கிழமை நைனா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ‘தம்பளு’வில் ப குழைந்தது. ‘கொந்தரு’வில் த குழைந்தது. ‘பாக்கலு’வில் இரட்டித்த க அழுத்தமாக விழுந்தது. பல்லைப் ‘பல்லு’ என்கிற எங்கள் ஊர் வழக்கப்படி, எல்லாச் சொல்லும் உகரத்தில் முடிந்தது. சொற்கள் போய்விட்டன, ஒலிகளின் ஒழுங்கு மட்டும் அவருக்குள் தப்பியிருந்தது.

அம்மாவிடம் சொன்னேன்.

“அப்போ அவுரு பேசுறது தமிழுதானா?”

“தமிழு மாதிரிம்மா. அர்த்தம் கெடையாது.”

“கெடையாதுன்னு உனக்கு எப்டித் தெரியும்? அவுருக்கு இருக்குது.”

அதன்பின் அம்மா ஊகிப்பதை விட்டுவிட்டாள். அவர் எதையாவது சொன்னால், “ஆமாங்கோ, ஏரி ரொம்பிப் போச்சி,” என்பாள். அவர் கேட்டுக்கொண்டு வேறேதோ சொல்வார். கோபம் குறைந்தது.

அறுப்புக்கு முன்னால் வாதம் மறுபடி வந்தது. இந்த முறை உதடுகளே கூடவில்லை. ‘ஆ’ என்ற ஓசை மட்டும்தான். “கோவிச்சிக்கினு கத்துனாக்கூடத் தேவலாம்,” என்று அம்மா அடுப்படியில் முனகிக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்குள் போய்விட்டார். துக்கம் விசாரிக்க வந்த ஒருத்தி, கடைசியில் ஏதாவது பேசினாரா என்று கேட்டாள்.

“நெறைய பேசுனாரு,” என்றாள் அம்மா. “எங்களுக்குத்தான் புரில.”