ஹோல்டான்

"புலிக்கரை எறங்குறவங்க எல்லாம் முன்னால வாங்க!" என்று அமல்தாஸ் குரல் கொடுத்தால், நடைப் பயிற்சி இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இறங்குவதற்கு அங்கே ஒரு ஈ காக்கை கிடையாது. அது தர்மபுரியில் ஓர் இயன்முறை சிகிச்சைக் கூடம். மேலிருந்து தொங்கும் வார்கள் அவரை நிமிர்த்திப் பிடித்திருக்கின்றன. காலடியில் ரப்பர் பட்டை நகர்கிறது. இரண்டு கால்களிலும் பூட்டிய உலோகச் சட்டம் முழங்காலை மடக்கி, நீட்டி, எடுத்து வைக்கிறது. ரோபோ என்கிறார்கள். அமல்தாஸுக்கு அது வண்டி. "இவ்ளோ நடந்தும் ஊர் வந்து சேர மாட்டேங்குதே, என்னா வண்டிம்மா இது!" என்பார்.

பாலக்கோடு தர்மபுரி தனியார் பேருந்தில் நடத்துனராக இருந்தவர். தக்காளிக் கூடைகளுக்கும் சனங்களுக்கும் நடுவே, காலை அகட்டி வைத்து, எதையும் பிடிக்காமல் நடப்பார். ஏறுகிறவரின் இரண்டாவது கால் படிக்கு வருவதற்குள் விசில் ஊதி, தகரத்தில் இரண்டு தட்டும் தட்டிவிடுவார். "சட்டுனு ஏறு, டைமிங் போவுது!" கிழவி என்றும் பார்ப்பதில்லை, பிள்ளைத்தாய்ச்சி என்றும் பார்ப்பதில்லை. பின்னால் வருகிற வண்டிக்காரன் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போய்விடுவானே! அப்படி ஓடிய மனிதர் ஒரு நாள் சீட்டு கிழித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். பக்கவாதம். இடது கைக்குக் கொஞ்சம் அசைவு திரும்பிவிட்டது. இடது கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

சிகிச்சைக்கு வந்த முதல் நாள் ஒரு கூத்து நடந்தது. இயன்முறை சிகிச்சையாளர் யுவராணிக்கு இவர் தொழில் தெரியாது. "எப்படிங்கய்யா இருக்கு, கொஞ்சம் கூட்டட்டுமா?" என்று கேட்டார். "ரைட், ரைட்!" என்றார் அமல்தாஸ். வலது காலும் சோர்கிறது போலும் என்று நினைத்து, அந்தப் பக்கத்து மோட்டாரின் விசையை யுவராணி கூட்டிவிட்டார்.

"ஏம்மா, நல்லா இருக்குற காலைப் போட்டு இழுக்குதே!"

"நீங்கதானே ரைட்டுன்னீங்க?"

"அட, ரைட்டுன்னா போலாம்னு அர்த்தம்மா!"

யுவராணி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அன்று முதல் அந்த அறையில் ரைட் என்றால் போகலாம், ஹோல்டான் என்றால் நிறுத்து.

ஆனால் ரைட் சொல்லும் வாய்க்கு ஹோல்டான் வரவே வராது. தொடையில் வார் உரசித் தோல் வழன்று போன நாளிலும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். யுவராணிதான் பார்த்துப் பதறி வண்டியை நிறுத்தினார். "வலிச்சா சொல்ல மாட்டீங்களா?" "டைமிங் போயிடுமேம்மா." வந்ததே கோபம் யுவராணிக்கு. "இந்த வண்டி உங்களுக்காகத்தான் ஓடுது. ஒரு வாட்டி ஹோல்டான் சொன்னா குடி ஒண்ணும் முழுகிடாது!"

அமல்தாஸுக்கு ஓடவோ தாவவோ ஆசையில்லை. பேருந்துப் படியில் தன் காலால் ஏற வேண்டும், அவ்வளவுதான். சிகிச்சைக்கு வந்து போகும்போதெல்லாம் மனைவி புஷ்பமேரி கீழிருந்து தள்ளுவார். அவருடைய இடத்துக்கு வந்த புது நடத்துனர் மதியழகன் அக்குளில் கை கொடுத்து மேலே இழுப்பான். அந்த நேரத்தில் அமல்தாஸ் கண்ணை மூடிக்கொள்வார். "மூட்டையாட்டம் ஏத்துறாங்க, மேரி. வெக்கமா இருக்கு" என்று வீட்டுக்குப் போய்ப் புலம்புவார். ஒவ்வொரு முறையும் தானே ஏறத்தான் பார்ப்பார். ஓட்டுநர் வண்டியை ஒரு தடவை உறுமவிட்டதும் அவரே தோற்றுப்போவார். "தூக்குங்கப்பா, டைமிங் போவுது." பாவம், அவர் ஊதிய விசிலெல்லாம் அவர் காதிலேயே திரும்பி ஒலிக்கிறது.

போன வியாழக்கிழமை சாயங்காலம் தர்மபுரி நாலு ரோட்டில் பேருந்து வந்து நின்றது. மதியழகன் வழக்கம்போலக் கையை நீட்டினான். அமல்தாஸ் அதை ஒதுக்கிவிட்டுக் கம்பியைப் பிடித்தார். நல்ல காலைப் படியில் வைத்தார். இடது காலின் நுனி படி விளிம்பில் இடித்து நின்றது. பின்னால் நின்ற வண்டி ஹாரனை அழுத்தியது. "சீக்கிரம் ஏறு பெருசு!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. மதியழகன் பழக்கத்தில் விசிலை வாய்க்குக் கொண்டுபோனான். "மாதாவே!" என்று புஷ்பமேரி அவர் முதுகில் கை வைத்தார்.

"கைய எடு, மேரி" என்றார் அமல்தாஸ். பிறகு, புலிக்கரைக்குக் குரல் கொடுக்கும் அதே தொண்டையில் கத்தினார்:

"ஹோல்டான்!"

விசில் மதியழகனின் கையிலேயே நின்றுவிட்டது. இடது முழங்கால், இயந்திரம் மடக்கிப் பழக்கிய அதே நிதானத்தில், மெல்ல மடங்கியது. பாதம் எழும்பி விளிம்பைத் தாண்டிப் படியில் உட்கார்ந்தது. அடுத்த படியிலும் அப்படியே. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர் உட்காரவில்லை. திரும்பி நின்று கீழே பார்த்தார். புஷ்பமேரியின் ஒரு கால் ஏறியது. இரண்டாவது காலும் ஏறியது. அதுவரை காத்திருந்துவிட்டு, பேருந்தின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார்.