குக்கர் விசிலடித்த கரிச்சான்

இன்று காலை ஆபீஸ் வாசலில் ஒரு கரிச்சான் குருவி பாடியது. சிதம்பரத்து வீடு நினைவுக்கு வந்தது, கூடவே அக்காவும்.

2008-இல் நான் ஐந்தாவது படித்தேன். கோடைமழையில் கூட்டோடு விழுந்த கரிச்சான் குஞ்சை, அக்கா வெட்டுக்கிளி பிடித்துப்போட்டு வளர்த்தாள். வளர்ந்ததும் அது தானாகவே பாட ஆரம்பித்தது. ஆனால் பாட்டு அரைகுறைதான். நடுவில் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் வேறு.

"பாடணும்னு பொறப்புலயே இருக்குடா. எப்படிப் பாடறதுன்னு கேட்டுப் பழகத்தான் அதுக்கு அப்பா இல்ல," என்றாள் காலேஜில் விலங்கியல் படித்த அக்கா.

தினமும் விடிந்ததும் கூண்டைக் கொய்யாமரத்தில் மாட்டினாள். அங்கே வேறொரு கரிச்சான் பாடும். எங்களுடையது அசையாமல் கேட்கும். அடுத்த கோடையில் அது முழுப் பாட்டையும் பாடியது. அன்றே அக்கா கூண்டைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் மரத்தில் இரண்டு கரிச்சான்கள் மாறி மாறிப் பாடின.

"ரெண்டுல எது நம்மளுது, அக்கா?"

"தெரியலடா," என்றாள், அவ்வளவு சந்தோஷமாக.