வயிற்றில் வைத்த பொட்டு

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுகள் வீட்டிலும் கரண்டிகளை எண்ணிக்கொண்டுதான் இருப்போம். எங்களோடு குடித்தனம் நடத்துகிற புண்ணியவான்களே, உங்களுக்கு என் அனுதாபம். யாங்கூனில் குழந்தைகள் தியேட்டரில், எதுவும் வயிற்றுக்குள் தங்கிவிடாமலிருக்க, கத்தியையும் துணியையும் இருபது வருஷமாக எண்ணுகிறேன்.

கொழுகொழு

செல்வி, பிறந்து ஆறு நாளான மகளைத் தூக்கிக்கொண்டு கியாக்தானிலிருந்து பஸ்ஸில் வந்தாள். குழந்தைக்குக் கைகால் குச்சி, வயிறு மட்டும் பானை. கொழுகொழுவென்று இருப்பதாக அக்கம்பக்கமே மெச்சியதால், கண்படாமலிருக்க வயிற்றில் பெரிய மைப்பொட்டு வைத்திருந்தாள். ஸ்கேனில் சிறுநீரகத்தில் கட்டி. பாதி வயிறு அதுதான்.

அதுவரை பர்மிய மொழியில் பேசியவள் என்னிடம் தமிழுக்கு மாறினாள். நர்ஸையும் பெண் டாக்டரையும் இங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எல்லாருகிட்டயும் பெருமையா காட்டிட்டுத் திரிஞ்சேனே, சயாமா."

தராசு

பச்சைக்குழந்தைக்குக் குளிர் ஆகாது. ஏசியை அணைத்துவிட்டு, வேர்த்து வழிந்துகொண்டுதான் ஆபரேஷன் செய்வோம். அந்த உடம்பில் மொத்த ரத்தமே ஒரு டம்ளர்தான். அதனால் நனைந்த துணி ஒவ்வொன்றையும் நான் நிறுத்து, எடையைச் சொல்ல வேண்டும்.

கட்டி பெரிய ரத்தக்குழாயை ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிக்கும்போது ரத்தம் கசிந்தது. அடுத்தடுத்து இரண்டு துணி கனமாக வந்ததில் எடையை முணுமுணுத்தேன். சர்ஜன் டோ மிமி தலை நிமிரவில்லை.

"சத்தமா சொல்லுங்க. நான் பயப்பட வேண்டிய நேரத்துல பயப்படணும்."

சத்தமாகச் சொன்னேன். கசிவை அடக்கிவிட்டு, சிறுநீரகத்தோடு சேர்த்துக் கட்டியை முழுசாக எடுத்தார். இன்னொரு சிறுநீரகம் நன்றாகவே இருந்தது.

எடை குறைந்தது

கட்டியைப் பரிசோதித்த முடிவு நல்லபடி வந்தது. வேறு வைத்தியம் வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குப் புறப்படும் நாளில் எடைச் சீட்டைப் பார்த்துச் செல்விக்கு முகம் வாடிவிட்டது. பிறந்தபோது இருந்ததைவிட அரைக் கிலோ குறைவு. அந்த அரைக் கிலோ கட்டிதானம்மா என்று விளக்கினேன். தட்டையான வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தவள், பையிலிருந்து மைச்சிமிழை எடுத்தாள்.

தையல் இன்னும் ஆறவில்லை, அங்கே வைக்காதே என்று அதட்டினேன். அவள் வைக்கவில்லை. விடைகொடுக்க வந்த டோ மிமியின் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையில் பொட்டு வைத்தாள்.

"இனிமே கண்ணு பட்டா இந்தக் கைக்குத்தான் படும், அதுக்குத்தான் பொட்டு, சயாமா."

கை கழுவவில்லை என்று எங்களை நாள் தவறாமல் திட்டுகிற டோ மிமி, அன்று மத்தியானம் கையைக் கழுவாமல் ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.