கிண்ணக் காசுக்கு எத்தனை அடி?

2006 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அத்தானை லண்டன் நகர நடுவில் உள்ள அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். காரணம் அக்காவின் காசு. கலியாண நாளுக்கென்று அத்தான் பழங்காசுச் சந்தையில் பழைய பைசாந்தியப் பேரரசின் செப்புக்காசு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். சின்னக் கிண்ணம்போலக் குழிந்த காசு. அக்காவுக்கு அதில் உயிர். சங்கிலியில் கோக்க ஒரு வளையம் போட்டுத் தரும்படி அத்தானிடமே கொடுத்திருந்தாள்.

அங்கேதான் பிழை. அத்தானுக்குத் தென்லண்டன் நோர்பரியில் கராஜ். அடிபட்ட கார்களை நிமிர்த்துவது தொழில். நெளிந்த எதைக் கண்டாலும் அவர் கை சும்மா இராது.

"ஆரோ மிதிச்சு நெளிஞ்சு போச்சு மச்சான். தட்டி நிமித்தினாத்தான் வடிவா இருக்கும்" என்றார் போனில்.

"தொடாதேங்கோ அத்தான், அந்தக் காசே அப்பிடித்தான்" என்றேன். நம்புகிற மனிதரா அவர்? நேரில் காட்டிவிடுவோம் என்றுதான் இந்தப் பயணம்.

நான் வால்தம்ஸ்டோவிலிருந்து விக்டோரியா லைன் நிலக்கீழ் ரயிலில் வந்து, கிங்ஸ் குரொஸில் மாறி ஹோல்போர்னில் இறங்கினேன். அரை மணிக்குச் சற்று மேல். அத்தான் நோர்பரியிலிருந்து விக்டோரியா நிலையம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஹோல்போர்னுக்கு வந்து சேர்ந்தார். நாள் முழுதும் செல்லும் ட்ரவல்கார்ட் சீட்டு ஆறு பவுணுக்குள் முடிந்தது. உள்ளே நுழைய இலவசம்.

காசுக் கூடத்தில் ஒரு மேசை போட்டு, பார்வையாளர் கையில் பழங்காசுகளைத் தந்து விளக்குகிறார்கள். அன்று இருந்த வெள்ளைக்கார அம்மா நல்ல பொறுமைசாலி. அதேபோலக் குழிந்த காசு ஒன்றைக் கையில் தந்து, அதை அடித்த விதத்தைச் சொன்னார். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு. ஒன்று குழிவு, மற்றது புடைப்பு. நடுவில் உலோக வில்லை. வளைவில் ஒரே அடியில் படம் முழுதாகப் பதியாது. அதனால் அச்சை ஒரு பக்கம் சரித்து ஓர் அடி, மறுபக்கம் சரித்து இன்னோர் அடி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்களாம். அந்தக் காசில் இருந்த ஏசுவின் முகத்தில் இரண்டு பாதியும் சற்றுப் பிசகிச் சேர்ந்த இடத்தை விரலால் காட்டினார். வில்லையை முன்கூட்டியே வளைத்தார்களா, எதற்காக இந்தக் கிண்ண வடிவம் என்பதெல்லாம் இன்னும் உறுதியில்லையாம்.

அத்தான் சட்டைப்பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து விரித்தார். அக்காவின் காசு. தட்டையாக, விளிம்பில் ஒரு வெடிப்போடு.

"நேற்று ஒருக்காத்தான் தட்டினனான். திரும்ப வளைக்க ஏலுமோ எண்டு கேள் மச்சான்."

கேட்டேன். வளைத்தால் உடைந்துவிடும் என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். பெரிய கார்களையே நிமிர்த்துகிற மனிதர் அந்த மேசையடியில் நின்ற கோலத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போங்கள், பின்னேரம் சனம் கூடிவிடும். வார இறுதியில் ரயில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். உங்களிடம் குழிந்த காசு இருந்தால் எங்கள் அத்தானிடம் காட்டாதீர்கள்.

அன்று பின்னேரம் அவர் தானே அக்காவிடம் எல்லாம் சொன்னார், அந்த அம்மா சொன்ன இரண்டடிக் கதை உட்பட. அவள் கண் கலங்கிவிட்டது. காசை உள்ளே வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

அடுத்த வெள்ளி விம்பிள்டன் பிள்ளையார் கோவிலில் பார்த்தால், அது அவள் கழுத்தில் தொங்குகிறது. அருச்சனைக்கு நின்ற ஒரு மாமி, இதென்ன பிள்ளை, வெடிச்ச காசைப் போட்டிருக்கிறாய் என்று கேட்டார். அத்தான் தூணைப் பார்த்தபடி நின்றார்.

அக்கா காசைத் தூக்கிக் காட்டினாள். "முதல் ரெண்டு அடியும் ராசாவின்ர ஆக்கள் அடிச்சது மாமி. மூண்டாவது என்ர மனுசன்."