இரண்டரைக் கிலோ ஆகும்வரை

ஆவடியிலுள்ள பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் பாஸ்கரன் பத்தொன்பது ஆண்டுகளாக வெல்டர். திருமணமாகிப் பதினோராம் ஆண்டில் அவருக்குப் பிறந்த முதல் குழந்தை, முப்பத்து நான்காம் வாரத்திலேயே வந்துவிட்டது. பெண். எடை ஒரு கிலோ எண்ணூற்றைம்பது கிராம்.

மூச்சு சீராகவே இருந்தது. ஆனால் உறிஞ்சிக் குடிக்க வலுவில்லை, உடற்சூடும் நிற்கவில்லை. முதல் வாரத்தில் எடை குறைந்து, பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது ஆயிரத்து எண்ணூறு கிராம் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கொருமுறை பாலாடையில் தாய்ப்பால் புகட்ட வேண்டும், இரண்டரைக் கிலோ ஆகும்வரை குளிப்பாட்டக் கூடாது, புகை ஆகாது, தாயோ தந்தையோ வெற்று மார்பில் அணைத்தே வைத்திருக்க வேண்டும் என்றார் செவிலி வித்யா. ஒரு வாரத்தில் எடை ஏறாவிட்டால் மறுபடியும் சேர்க்க வேண்டியிருக்கும்.

மனைவி அகல்யாவுக்கு அறுவைப் புண் ஆறவில்லை. ஆகவே பாதிப் பொழுதைப் பாஸ்கரன் ஏற்றார். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றி, குழந்தையைப் பழைய பருத்திப் புடவையால் மார்பில் கட்டிக்கொண்டு, குவார்ட்டர்ஸ் கூடத்தில் சாய்ந்து அமர்ந்தார்.

உடன் வேலை செய்யும் ஜெகதீஷ் வாசலிலேயே நின்று சிரித்தார்.

“இன்னா மாமே, பெத்தது அண்ணியா, நீயா?”

“ரெண்டு பேரும்தான். உள்ள வராத, அங்கயே நில்லு.”

மறுநாள் திருவேற்காட்டிலிருந்து பெரியம்மா பஞ்சவர்ணம் வந்தார். குடும்பத்தில் பிறந்த அத்தனை குழந்தைகளையும் காலில் கிடத்திக் குளிப்பாட்டியவர். பையில் நல்லெண்ணெய், சாம்பிராணி, கரி.

“பதிமூணு நாளா தண்ணி படாத புள்ளையா? குட்றா இப்டி.”

“குடுக்கமாட்டேன் பெரிம்மா.”

“எட்டாம் மாசத்துப் புள்ள. நாலு தண்ணி ஊத்தினாத்தான் ஒடம்பு உருளும். உன் கூடப் பொறந்ததுங்களையும் நான்தான் பாத்தேன், உன்னையும் நான்தான் பாத்தேன்.”

“கனமான தகட்ட வெல்டிங் பத்த வச்சதும் கம்பளி போட்டு மூடிடுவோம். உடனே ஆற உட்டா விரிசல் உட்ரும். இரும்புக்கே அவ்ளோ பாக்கறேன். இதுக்குப் பாக்கமாட்டனா?”

“ஆம்பளைக்கு இன்னாடா தெரியும்?”

“சூடு தெரியும்.”

அகல்யா உள்ளிருந்து, “அவர் சொல்றதுதான் அத்தை என் முடிவும்,” என்றார். பஞ்சவர்ணம் பையைத் தூக்கிக்கொண்டு காப்பிகூடக் குடிக்காமல் ஷேர் ஆட்டோ பிடித்தார். அன்று மாலைக்குள் உறவினர் ஏழு பேர் தொலைபேசியில் கண்டித்தனர். பாஸ்கரன் ஏழு பேருக்கும் ‘குடுக்கமாட்டேன்’ என்ற ஒரே விடையைச் சொன்னார். புடவை முடிச்சை அவிழ்க்கவில்லை.

ஒரு வாரம் கழிந்தது. மருத்துவமனைத் தராசில் எண் நின்றபோது அகல்யா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வித்யாதான் படித்தார்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது.

மருத்துவமனை வாசலிலிருந்தே பாஸ்கரன் திருவேற்காட்டுக்குப் பேசினார்.

“நூத்தியெழுபது கிராம் ஏறிகீது பெரிம்மா.”

பஞ்சவர்ணம் கேட்டார்: “அப்போ நான் எப்பதான் வர்றது?”

“ரெண்டரை கிலோ ஆவட்டும். நீதான் வந்து குளிப்பாட்டணும். சாம்பிராணி மட்டும் ஊட்லயே வச்சிட்டு வா.”